அக்கரை மேடை

முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க வந்து வந்து கட்டிப்பிடிக்கிற வேலை உலகத்தில் யாருக்காவது கிடைக்குமா? அவளுக்குக் கிடைத்திருந்தது. ஆணும் பெண்ணும் ஆகாயத்திலிருந்து அலறிக்கொண்டே வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள். சிலர் தங்கள் அம்மாவைக் கூப்பிடுவார்கள். அறைக்குள் நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு பெரிய மனிதர், அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று அடம்பிடித்ததும் உண்டு. எல்லாம் கால் பலகையில் படுகிற வரைக்கும்தான். பாதத்துக்கு உணர்வு வந்ததும் சட்டென்று விட்டுவிடுவார்கள். அப்புறம் சட்டையைச் சரி செய்துகொண்டு, அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஜீப் எப்ப வரும்?" என்று கேட்பார்கள்.

இரண்டு மலை. நடுவில் பெரும் பள்ளம், அடியில் நூல் மாதிரி ஆறு. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு ஒரு இரும்புக் கம்பி. இடுப்பிலும் தொடையிலும் பெல்ட்டைப் பூட்டி, கப்பியில் தொங்கவிட்டு, இந்தப் பக்கம் ஒருவர் தள்ளிவிடுவார். அந்தப் பக்கம் ஒருவர் பிரேக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிறுத்துவார். பெயர்ப்பலகையில் ஜிப்லைன் என்று இருக்கும். வேலை பார்ப்பவர்களுக்கு அது வெறும் கம்பி. டிக்கெட் கவுண்டர், டீக்கடை, வண்டி நிறுத்துமிடம், பாட்டு, கூட்டம் எல்லாம் தள்ளிவிடுகிற கரையில். பிடிக்கிற கரையில் ஒரு மரமேடை, ஒரு தகரக் கொட்டகை, அவள். அவ்வளவுதான். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொன்னவன் அக்கரையில் ஒரு பொழுது உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டான்.

அதற்கு முன்னால் அவள் ஆஸ்பத்திரியில் வார்டு ஆளாக இருந்தவள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களைத் தூக்கி உட்காரவைத்தே கைகள் உரமேறியிருந்தன. "நோயாளியைத் தூக்கறதும் இதுவும் ஒண்ணுதாம்மா. ரெண்டு பேருமே கத்துவாங்க, நீ கத்தக் கூடாது" என்று சொல்லித்தான் ஆபீஸ் மேனேஜர் அவளை எடுத்தார். புருஷன் என்று ஒருத்தர் இருந்தார்; இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியமாக இருக்கிறார். மகள் கல்யாணமாகித் தூரத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்டி. நீ?" அதற்குமேல் இரண்டு பேருக்குமே பேச்சு ஓடாது. சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தாள். ஒன்றில் உட்காருவாள், இன்னொன்றில் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும். சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே போனால் மறுநாள் காலை மேடைக்கு வரும்வரை அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வந்தால் யார் கேட்பது, சுவரா?

அதனால் அவளுக்கு வாக்கி-டாக்கி என்றால் உயிர்.

கம்பியின் இரண்டு முனைக்கும் அதுதான் பாலம். தள்ளிவிடுகிற மேடைக்கு இக்கரை என்று பெயர், இவள் மேடைக்கு அக்கரை. இக்கரையில் இருந்தவர் ஒரு மனிதர். ஐம்பதைத் தொட்டவர். மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப காலம். தனி ஆள். இதெல்லாம் அவளுக்கு ஒரே நாளில் தெரிந்ததில்லை. ஆறு வருஷத்தில் துளித் துளியாகக் காதில் விழுந்தது. முகம் தெரியாது. கம்பியின் அந்த முனையில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு புள்ளி, அவ்வளவுதான். குரல் மட்டும் அவள் காதோடு காதாக இருந்தது.

"அக்கரை, அக்கரை. ஒரு அம்மா வராங்க. அம்பத்தஞ்சு கிலோன்னு சொல்றாங்க. நீங்க அறுபத்தஞ்சுன்னே வெச்சுக்கோங்க."

"காத்து?"

"பின்னாலேருந்துதான். அனுப்பவா?"

"அனுப்புங்க."

எடையைச் சரியாகச் சொல்வதில்தான் எல்லாமே இருந்தது. கனத்த ஆள் வேகமாக வருவார், பிரேக்கை முன்கூட்டியே இறுக்க வேண்டும். இலேசான ஆள், எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால், மேடைக்கு வந்து சேராமல் கம்பி தொய்கிற இடத்தில், பள்ளத்துக்கு நேர் மேலே, தொங்கிப்போய் நிற்பார். அந்த இடத்துக்குக் கம்பியின் வயிறு என்று பெயர். அப்படி நின்றால் அவள் தன் பெல்ட்டைக் கம்பியில் பூட்டிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றிப் போய் ஆளை இழுத்து வரவேண்டும். அதனால் ஒல்லியானவர்களுக்கு மணல் பை கட்டி அனுப்புவார்கள். ஜனங்கள் எடையில் பொய் சொல்வார்கள். அவர் ஆளைப் பார்த்ததும் பொய்யைக் கழித்துவிட்டு நிஜத்தை அவளிடம் சொல்வார். ஆறு வருஷத்தில் அவர் கணக்கு தப்பி யாரும் வயிற்றில் நின்றதில்லை.

ரேடியோவில் அவர்கள் பேசுவது ஆபீஸுக்கும் கேட்கும், கவுண்டருக்கும் கேட்கும், ஆட்களைப் பாலம் வழியே சுற்றித் திருப்பிக் கொண்டுபோகிற ஜீப்புக்கும் கேட்கும். "லைன்ல வேலைப் பேச்சு மட்டும்!" என்று மேனேஜர் அடிக்கடி நடுவில் விழுந்து அதட்டுவார். ஆகவே இவர்கள் வேலைப் பேச்சுக்குள்ளேயே மற்றதையும் மடித்து வைக்கப் பழகியிருந்தார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்து குரல் கம்மியிருந்த ஒரு நாள், "அக்கரையில காத்து சரியில்லையோ?" என்று கேட்டார். "லேசா ஜலதோஷம் புடிச்சிருக்கு, காத்துக்கு" என்றாள். அன்று முழுக்க அவர் ஒவ்வொருவருடைய கொக்கியையும் மூன்று மூன்று தடவை இழுத்துப் பார்த்து, ஆமை வேகத்தில் ஆளை அனுப்பினார். கூட்டம் கத்தியது. அவள் தகரக் கொட்டகையில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் கட்டச் சிரித்தாள்.

எல்லோருக்கும் அவள் அக்கா. அவர் ஒருத்தர் மட்டும் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. ஜீப் டிரைவருக்குப் பாம்புக் காது. "ஊரே அக்காங்குது, இவர் மட்டும் அக்கரைங்கறார். ஒரு எழுத்து கூடப் போட்டதுல எவ்வளவு விஷயம் இருக்கோ!" என்று ஒரு தடவை லைனிலேயே இழுத்தான். அன்று முழுக்க இரண்டு கரையும் எடையையும் காற்றையும் மட்டுமே பேசின.

ஆறு வருஷத்தில் ஒரு லீவு நாளில் பஸ் ஏறிப் போய் அந்த மனிதரைப் பார்த்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது சுலபம். போய் என்ன சொல்வாள்? "சும்மா வந்தேன்" என்றா? அந்த வயதில் சும்மா யாரும் எங்கேயும் போவதில்லை. போய் நின்று, அவர் முகத்தில் ஒரு சின்ன தர்மசங்கடம் தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குரலும் அல்லவா போய்விடும்? உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா என்று ஆகிவிடும். அவள் போகவில்லை. அவரும் வரவில்லை.

ஒரு நாள் காலை, முதல் ஆளை அனுப்புவதற்கு முன்னால், அவர் சொன்னார்: "அக்கரை, இந்த வாரத்தோட நான் முடிச்சுக்கறேன். அண்ணன் ஊருக்குப் போறேன். அங்க ஒரு சிமெண்ட் குடோன்ல கேட் பொறுப்பு. தரையில நிக்கிற வேலை. மேல் மாடியில எனக்குன்னு ஒரு ரூமும் போட்டுட்டார்."

அவள் வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானை அழுத்தினாள். நாலு இடத்தில் நாலு காது விறைத்துக்கொண்டு காத்திருப்பது அவளுக்குத் தெரியும்.

"காத்து எப்படி இருக்கு?" என்றாள்.

"பரவாயில்ல" என்று பதில் வந்தது.

அன்று சாயங்காலம் அறையில், துணி குவிந்திருந்த நாற்காலியைப் பார்த்து, "போகாதீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தைதான். மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் சாதாரணமாக, விளையாட்டுப் போல, கோபம் போல. துணி என்ன செய்யும், கேட்டுக்கொண்டிருந்தது. எத்தனை விதமாகச் சொன்னாலும் ரேடியோவில் சொல்கிற மாதிரி அது வரவே இல்லை. நேரில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தாள். எப்படி நேரில் என்பதுதான் தெரியவில்லை.

வழியை அவரே காட்டினார். கடைசி நாள் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு குரல் வந்தது. "அக்கரை... நான் ஒண்ணு கேக்கவா? இத்தனை பேரை அனுப்பினேன். ஒரு தடவைகூட நான் போனதில்ல. இன்னைக்கு நான் வரட்டுமா?"

அவள் எழுந்தே நின்றுவிட்டாள். ஆனால் வாய் வேலையைத்தான் பேசியது. "கொக்கி யாரு பாப்பாங்க? தன் கொக்கியத் தானே பாத்துக்கக் கூடாது."

"ஜீப்பு இங்கதான் இருக்கான். அவன் பாப்பான்."

"பாத்துட்டேன் அக்கா!" என்று டிரைவரின் குரல் குதித்தது. "மூணு தடவ இழுத்தாச்சு. மாப்ள ரெடி. நான் பின்னாலயே வண்டிய எடுத்துக்கிட்டு வந்து இவரக் கூட்டிட்டுப் போய் பஸ் ஏத்தணும். சுத்தி வர அரை மணி நேரமாவது ஆகும். மெதுவாவே ஓட்டறேன்."

அந்த அரை மணி நேரம் முழுக்க அவளுக்கே. வேறு காது இல்லாமல், ஒரு மேடையில், இரண்டு பேர். சொல்வதற்கு ஒரு வார்த்தை. யதேஷ்டம்.

"எடை?" என்று கேட்டாள்.

ஒரு நொடி தயக்கம். "எழுபது."

"காத்து?"

"கொஞ்சம் எதிர்க்க இருக்கு. எழுபதுக்கு ஒண்ணும் பண்ணாது. அனுப்... நான் வரவா?"

"வாங்க" என்றாள். அந்த ரேடியோவில் அவள் அந்தச் சொல்லை அதுவரை சொன்னதே இல்லை.

மஞ்சள் புள்ளி மேடையை விட்டு விலகியது. கம்பி பாடத் தொடங்கியது. அவள் பிரேக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். புள்ளி பெரிதாகி, கால் முளைத்து, கை முளைத்து, மனிதராகி வந்தது. பாதிக்கு மேல் வந்ததும் கம்பியின் பாட்டு இறங்கியது. அவளுக்குப் பகீரென்றது. எழுபது கிலோ ஆளின் சத்தம் அல்ல அது. இன்னும் இறங்கி, முனகி, நின்றது. கப்பி பின்னால் கொஞ்சம் உருண்டது. கம்பியின் வயிற்றில் அவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

அட மனுஷா! ஊரார் பொய்யையெல்லாம் கழித்துச் சொன்ன ஆள், தன் எடைக்கு மட்டும் பொய்யைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். அவள் முன்னால் ஒல்லிக்குச்சியாகத் தெரியக் கூடாதாம்! மணல் பை கட்டிக்கொள்ள வெட்கமாம்! இப்படி ஒரு ஆசை அந்த மனிதருக்கு இருந்தது என்று அறிந்ததில் அவளுக்குச் சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வாக்கி-டாக்கியைப் பலகையில் வைத்துவிட்டு, பெல்ட்டைப் பூட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்து, இழுவைக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டி, மறுமுனையோடு கம்பியில் இறங்கினாள்.

கை மாற்றிக் கை மாற்றிப் போனாள். கீழே ஆறு. காற்று அவளையும் ஆட்டியது. அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது, ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். நரைத்த மீசை. ஒட்டிய கன்னம். கண் இரண்டும் இறுக மூடியிருந்தன. நாள் தவறாமல் ஆயிரம் பேருக்கு "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லித் தள்ளிவிட்டவரின் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"நான்தான்" என்றாள்.

"தெரியுது. குரல் தெரியுது" என்றார், கண்ணைத் திறக்காமலே. "எனக்கு உயரம்னா ஆகாதுங்க. எப்பவுமே ஆகாது. அதான் போனதில்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அவர் அவள் தோள்பட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

இதோ, இங்கேயே சொல்லிவிடலாம். ஆபீஸ் கிடையாது, ஜீப் கிடையாது, காக்கை குருவிகூடக் கிடையாது. வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தொங்குகிறவர்களைப் பற்றித் தெரியும். காற்று திடீரென்று திரும்பி இந்த வயிற்றில் நின்றுபோனவர்கள் சிகரெட்டை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பொண்டாட்டியை இனிமேல் அடிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள், அவளுக்கு வீடு கட்டித் தருவதாகக்கூட ஒருத்தர் சொல்லியிருக்கிறார். கால் தரையில் பட்டதும் ஒருவருக்கும் ஞாபகம் இருந்ததில்லை. பயத்தில் இருக்கிற மனிதனிடம் எதைக் கேட்டாலும் சரி என்பான். அப்படி ஒரு சரி அவளுக்கு வேண்டாம். வார்த்தையை விழுங்கிவிட்டு, அவர் பெல்ட்டில் கயிற்றைப் பூட்டி, இழுக்க ஆரம்பித்தாள்.

இழுப்பதற்கே அந்த நேரமெல்லாம் போய்விட்டது. எதிர்க்காற்று ஒரு பக்கம், கையை விடமாட்டேன் என்கிற ஆள் ஒரு பக்கம். மேடையில் ஏற்றி நிறுத்தியபோது அவள் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அவர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், எல்லோரையும் போலத்தான். எலும்பும் தோலுமான உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அவள் அசையாமல் நின்றாள். பாதம் பலகையில் பட்டுவிட்டது, உணர்வும் வந்துவிட்டது, நடுக்கமும் நின்றது. அவர் விடவில்லை. அது பயம்தானா, வேறா? எத்தனையோ பேர் கட்டிப்பிடித்த அந்தத் தோளுக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கடைசியில் விட்டார். கண்ணைத் திறந்து முதலில் பலகையைப் பார்த்தார், பிறகு அவளை.

"நீங்க இவ்வளவு உயரமா இருப்பீங்கன்னு நினைக்கல" என்றார்.

"நீங்க எழுபது கிலோ இருப்பீங்கன்னுதான் நானும் நினைச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழே பாதையில் ஹாரன் அடித்தது. மெதுவாக ஓட்டுகிறேன் என்று சொன்ன பாவி மெதுவாகத்தான் ஓட்டியிருந்தான். நேரம்தான் வயிற்றில் தொங்கிப் போய்விட்டது.

டிரைவர் படியேறி வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். வாயைத் திறந்தால் கேலிதான் என்றிருந்தவன், "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கினான்.

"அப்ப நான் வரேங்க" என்றார் அவர்.

"சரிங்க" என்றாள் அவள்.

சரிங்க! இதற்குத்தானா நாற்காலியோடு அத்தனை ஒத்திகை? அவர் படியிறங்கிப் போனார். ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஜீப் கிளம்பியது. அவள் பலகையில் அப்படியே உட்கார்ந்தாள். உரிந்த கைக்குப் பக்கத்தில் வாக்கி-டாக்கி கிடந்தது. ஜீப்பிலும் ஒன்று இருக்கிறது. எடுத்தாள். ஆபீஸ் கேட்கும், கவுண்டர் கேட்கும், நாளைக்கு ஊரே கேட்கும். கேட்டுத் தொலையட்டும் என்று பொத்தானை அழுத்தினாள்.

"இக்கரை... போகாதீங்க. எனக்குப் பேச வேற யாரும் இல்ல. உங்களப் புடிச்சிருக்கு. போகாதீங்க."

சொல்லிவிட்டுப் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். விட்டால்தான் பதில் வரும். விடப் பயமாக இருந்தது. கட்டைவிரல் மரத்துப்போன பிறகு விட்டாள்.

இரைச்சல். பிறகு கவுண்டர் பெண்ணின் குரல், மிக மெதுவாக: "அக்கா... ஜீப்பு பாறை வளைவுக்குள்ள போயிடுச்சு. அங்க லைன் எடுக்காது. அவருக்குக் கேட்டிருக்காதுக்கா. எங்களுக்குத்தான் கேட்டுச்சு."

அவளுக்கு அப்படியே பள்ளத்தில் குதித்துவிடலாம் போல் இருந்தது. எல்லோருக்கும் கேட்டுவிட்டது, கேட்க வேண்டியவரைத் தவிர.

உடனே மேனேஜரின் அதட்டல் குரல் வந்தது. "வண்டி வளைவ விட்டு பாலத்துக்கிட்ட வரட்டும். வந்ததும் இன்னொரு தடவ சொல்லும்மா. அதுவரைக்கும் லைன்ல ஒருத்தரும் மூச்சு விடக் கூடாது."

ஒருவரும் மூச்சு விடவில்லை. ஜீப் பாறைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பாலத்தை நோக்கி ஊர்ந்தது. அவள் இரண்டாம் தடவை சொன்னாள். முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. இந்தத் தடவை சீக்கிரம் விட்டாள்.

அவர் குரல் வந்தது. "இதைச் சொல்ல ஆறு வருஷமா? தினம் காலையில எல்லாருக்கும் முன்னால வந்து இதை ஆன் பண்ணி வெச்சுக்கிட்டு எதுக்காக உக்காந்திருந்தேன்னு நினைக்கிறீங்க?"

"நீங்க சொல்லியிருக்கலாமே."

"எல்லாரும் கேப்பாங்களேன்னுதான்..."

"எனக்கும் அதேதான்."

"அண்ணே, வண்டியத் திருப்பவா?" என்று டிரைவர் கேட்பது, அவர் பொத்தானை விடாததால், எல்லோருக்கும் கேட்டது. அவர் பொத்தானை விட்டுவிட்டார்.

அக்கரை மேடையிலிருந்து பார்த்தால் பாலம் நன்றாகத் தெரியும். ஜீப் பாலத்தின் தொடக்கத்தில் நின்றது. இஞ்சினை அணைத்தார்கள் போல, சத்தமே இல்லை. அவள் எழுந்து மேடையின் விளிம்புக்கு வந்து நின்றாள். திரும்பு, திரும்பு, திரும்பு என்று வாய்க்குள் சொன்னாள். உள்ளே அந்த மனிதர், கம்பியின் வயிற்றில் தொங்கியபோது போலவே, பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது. ஜீப் அங்கேயே வெகுநேரம் நின்றது.

பிறகு கிளம்பியது. நேராகப் பாலத்தைத் தாண்டி, பஸ் நிலையம் போகிற பாதையில் ஏறிப் போனது. அவள் வாக்கி-டாக்கியை அணைத்தாள். அப்புறம் வாய்விட்டு, பெரிதாக, மூக்கு ஒழுக அழுதாள். எவ்வளவு சத்தமாக அழுதாலும் யார் காதுக்கும் போகாத இடம் அது. அந்த வேலையில் இருந்த ஒரே வசதி அதுதான்.